வான்கோழிக்கு எந்த ஊர்

பறவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் சுங்கச் சாவடி வாசலில் நின்றான்.

காலையிலிருந்து நிற்கிறான்.

சாவடிக்குப் பின்னால் மதில். மதிலுக்குள் கோட்டை. கோட்டை யாருடையது என்று கொடியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டிய காலம் அது.

அவன் மகன் பக்கிரி உள்ளே சிறையில் இருந்தான். கோட்டைத் துரை குதிரையிலிருந்து விழுந்தபோது சிரித்துவிட்டான். குதிரையும்தான் சிரித்தது. குதிரையைப் பிடித்துப் போடவில்லை.

விடிந்தால் கப்பல். கண்காணாத தீவுக்கு ஏற்றிவிடுவார்கள்.

இன்று துரைக்குப் பண்டிகை. இருட்டுவதற்குள் இந்தப் பறவை சமையல்கட்டுக்கு வந்தால் பையன் வீட்டுக்குப் போகலாம் என்று துரை சொல்லியிருந்தார்.

சொன்ன சொல் மாறாத துரை. அதுதான் பயம்.

சாவடி அகோரம் பிள்ளையின் குத்தகை. எந்த ஊர்ச் சரக்கோ அந்த ஊருக்கான வரி. ஊர் தெரியாத சரக்கு உள்ளே போகாது. துரையின் சொந்தத் திராட்சை மதுவே ஊர் தெரியாமல் வாசலில் கிடந்து, புளித்துக் காடியான பிறகுதான் உள்ளே போனது.

"இது எந்த ஊருப்பா?"

அவனுக்குத் தெரியாது. புயலில் உடைந்த ஏதோ ஒரு கப்பலிலிருந்து கூடை ஒன்று கரை ஒதுங்கியது. கூடைக்குள் ஈரக் குஞ்சாக இது இருந்தது. இப்போது கழுத்தில் சிவப்புத் தாடி. விரித்தால் விசிறி மாதிரி வால். துரைக்குப் பிடிக்கட்டும் என்று கேழ்வரகு ஊட்டி ஊட்டி, ஒரு குழந்தையின் கனத்துக்குக் கொண்டுவந்திருந்தான்.

பிள்ளை நியாயஸ்தர். பெயரைக் கேட்டால் ஊர் தெரிந்துவிடும் என்பது அவருடைய சாவடி அனுபவம். சீனக்காரம் சீனத்திலிருந்து வந்தது. பறங்கிக்காய் பறங்கியோடு வந்தது.

விருந்துக்கு வந்தவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி விசாரித்தார்.

இங்கிலீஷ்காரர் 'டர்க்கி' என்றார். துருக்கி தேசத்துக் கோழியாம்.

பிள்ளை ஓலையை எடுத்தார். வரிசையில் நின்ற துருக்கிக் குதிரை வியாபாரி பதறிப்போனார். எங்களை இழுக்காதீர்கள், எங்கள் பாஷையில் அதற்கு 'ஹிந்தி' என்று பெயர், அது உங்கள் தேசத்துக் கோழி என்றார்.

பிரெஞ்சுக்காரரும் அதற்குச் சாட்சி. அவர் பாஷையில் 'தேந்த்'. இந்தியாவுடையது.

பிள்ளை திரும்பிப் பார்த்தார். கடல். தென்னை. ஒரு நாய்.

அப்படி ஒன்றும் காணோம்.

ஒல்லாந்துக்காரர் ஊரையே சுட்டிச் சொன்னார். 'கல்கூன்', கள்ளிக்கோட்டைக் கோழி. ஆனால் பிள்ளையின் மச்சினர் கள்ளிக்கோட்டையில் மிளகு வாங்குகிறவர். சைவத்தை விட்டதே அங்கேதான். அந்த ஊரில் அவர் தின்று பார்க்காத கோழி கிடையாது. இப்படி ஒன்றைப் பற்றி அவர் மூச்சுவிட்டதில்லை.

போர்த்துகீசியப் பாதிரி 'பெரு' தேசம் என்றார். கடலைக் காட்டினார். பிறகு கடலுக்கு அப்பால். பிறகு அதற்கும் அப்பால். கை வலித்து இறக்கிக்கொண்டார்.

ஆளாளுக்கு அடுத்தவன் வீட்டு வாசலில் அதை இறக்கிவிட்டு விருந்துக்குப் போனார்கள்.

வெயில் இறங்கியது. மதிலுக்கு மேல் சமையல்கட்டுப் புகை எழுந்தது. வெங்காயம் வதங்கும் வாசனை.

பறவை களகளவென்று எதையோ சொன்னது. அதற்காவது தெரிந்திருக்கலாம்.

"நீ என்னன்னுதான் கூப்பிடுவே?" பிள்ளை கேட்டார். அவருக்கும் இரக்கம் உண்டு. குத்தகையில்தான் அதற்கு இடமில்லை.

அவன் பெயரே வைத்ததில்லை. வா என்றால் வரும்.

தெரிந்த நிலமெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. அவன் அண்ணாந்து பார்த்தான்.

"வான்கோழிங்க, ஐயா. வானத்துலேர்ந்து வந்தது."

பிள்ளையின் எழுத்தாணி நின்றது. வானத்துச் சரக்குக்கு வரி கிடையாது. மழைக்கு வாங்கியதில்லை. இடிக்கு வாங்கியதில்லை. கொக்குக்குக் கேட்டதுகூட இல்லை.

அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகம் மலர்ந்தது.

"அட, இதைக் காலையிலேயே சொல்லக் கூடாதா? காசே வேணாம், போ."

அவன் காலை எடுத்து வைத்தான். கோல் குறுக்கே வந்தது.

"வாசல் வழியா எங்கே போறே? வாசல் தரைச் சரக்குக்கு. அது வந்த வழியாவே உள்ள போகட்டும்."

அவன் மதிலைப் பார்த்தான். இரண்டு ஆள் உயரம்.

பறவையைப் பார்த்தான். அது தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உள்ளே விருந்து மணி அடித்தது.

இரண்டு கையாலும் தூக்கி எறிந்தான். அது பிள்ளையின் மடியில் விழுந்தது. பிள்ளை அதைத் தட்டிக்கொடுத்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

மறுபடி எறிந்தான். இறக்கை படபடத்தது. ஒரு கணம், மதிலின் விளிம்புக்கு மேலே, அந்தச் சிவப்புத் தாடி எட்டிப் பார்த்தது.

பிறகு இந்தப் பக்கமே விழுந்தது.

உள்ளே, எங்கோ உயரத்துக் கம்பிகளுக்குப் பின்னால், யாரோ சிரித்தார்கள். அடக்க முடியாத சிரிப்பு.

அந்தச் சிரிப்பு அவனுக்குத் தெரியும்.

"சிரிக்காதேடா," என்றான், யாருக்கும் கேட்காமல்.

பறவையின் மேல் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டான்.

மறுபடி தூக்கினான்.