பச்சைத்தண்ணி ஊதினார்

“ஊதுங்க அண்ணே.”

பஸ் டிப்போவில் காலை ஐந்தரை. சாவி வாங்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை. மேஜை மேல் ஊதும் மிஷின், அதன் பின்னால் சோதனை எடுக்கும் மேடம். ஊதினால் பூஜ்யம் வர வேண்டும். அப்போதுதான் டிரைவர் கைக்குச் சாவி போகும்.

அவர் ஊதினார். மிஷின் கீச்சென்று கத்தியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

வரிசை மொத்தமும் எட்டிப் பார்த்தது. காரணம், ஊதியவர் பச்சைத்தண்ணி.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. விருந்தானாலும் விழாவானாலும் பச்சைத்தண்ணியைத் தவிர எதையும் தொடாதவர் என்பதால் டிப்போ வைத்த பெயர் இது. இருபத்தைந்து வருடமாக ஒரு விபத்து கிடையாது. அடுத்த மாதம் அவருக்குப் பதக்கம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டாயிற்று.

“இந்தப் பூனையும் பால் குடிக்குமான்னு இருந்துச்சு. பாரு, பீப்பாயே காலி!” என்றார் பின்னால் நின்ற டிரைவர்.

“மாப்பிள்ளை போன வாரம், மச்சான் இந்த வாரம். குடும்பமே ஒத்துமையாத்தான் இருக்கு” என்றார் இன்னொருவர்.

சிரிப்பு வரிசை முழுக்க ஓடியது. பச்சைத்தண்ணியின் தங்கை வீட்டுக்காரரும் இதே டிப்போவில்தான் டிரைவர். போன வாரம் இதே மிஷினில் மாட்டியவர். மாட்டினால் மூன்று வாரம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. மாடி அறையில் நடக்கும் குடி மறக்கும் வகுப்புக்குத் தினமும் வர வேண்டும். அவர் வரவில்லை. நாளைக்குள் வகுப்பில் சேராவிட்டால் வேலை போய்விடும். இரண்டு பிள்ளைகள் வேறு படிக்கிறார்கள்.

மேடம் பச்சைத்தண்ணியை உற்றுப் பார்த்தாள். குப்பென்று புதினா வாசனை.

“வாய் கொப்பளிக்கிற மருந்து போட்டீங்களா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அந்த மருந்துலயும் ஆல்கஹால் இருக்கு அண்ணே. வாயில ஒட்டினதுன்னா கால் மணி நேரத்துல போயிடும். குடிச்சதுதான் போகாது. ரத்தத்துல கலந்து, விடுற மூச்சுல எல்லாம் வந்துக்கிட்டே இருக்கும். தண்ணி குடிச்சிட்டு அந்த பெஞ்சுல உக்காருங்க. அப்புறம் இன்னொரு தடவை ஊதுங்க.”

“வேண்டாம்மா. எழுதிக்கோ.”

“என்னண்ணே இது? ரூல்ல இடம் இருக்கு.”

“எழுதிக்கோம்மா.”

மேடத்துக்கு மனசு கசந்தது. எட்டு வருடமாக இந்த மேஜையில் எத்தனை வித்தை பார்த்திருக்கிறாள். வெங்காயம் மென்றவர், கறுப்புக் காபியாகக் குடித்தவர், குளிர்ந்த தண்ணீரில் மூன்று முறை குளித்தவர். ஒன்றும் பலித்ததில்லை. ஈரல் தன் பாட்டுக்கு நிதானமாகத்தான் வேலை செய்யும். முதல் டிரிப்புக்கு நேரமாகிவிட்டது என்று அதனிடம் யார் போய்ச் சொல்வது? புதினா வாசனையும் அந்த வித்தைகளில் ஒன்றுதான். உள்ளே ஒன்றும் இல்லாதவர் கால் மணி நேரம் உட்கார ஏன் பயப்பட வேண்டும்?

“மறுபடி ஊத மாட்டேன்னா குடிச்சதாத்தான் கணக்கு. தெரியுமில்ல?”

“தெரியும்.”

“பதக்கம் போயிடும்ணே.”

அதற்கு மட்டும் அவர் அறிவிப்புப் பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

“போகட்டும்மா. எனக்கு வகுப்பு நாளைக்குக் காலையிலருந்துதானே?”

“ஒன்பது மணிக்கு.”

கையெழுத்துப் போட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே நடந்தார். கேட்டைத் தாண்டும்வரை கேலி அவர் பின்னாலேயே போனது. பலகையில் இருந்த அவர் பெயரை மத்தியானத்துக்குள் அழித்துவிட்டார்கள். உத்தமன் வேஷம் போடுகிறவர்களை நம்பவே கூடாது என்று மேடமும் தன் பங்குக்குச் சொல்லிவைத்தாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கு வருகைப் பதிவேட்டோடு மாடி ஏறினாள்.

அறையில் ஏழெட்டுப் பேர். சுவரில் ஈரலின் பெரிய படம். சிவப்பாக ஒன்று, கருத்துச் சுருங்கியது ஒன்று. முதல் பெஞ்சில் பச்சைத்தண்ணி, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை ஒட்டி, பளிச்சென்று சவரம் செய்துகொண்டு, அவருடைய தங்கை வீட்டுக்காரர்.

மேடத்துக்கு ஆச்சரியம். கையெழுத்து வாங்கும் சாக்கில் தங்கை வீட்டுக்காரரைக் கதவோரம் கூப்பிட்டாள்.

“போன் மேல போன் போட்டும் வரல. குடிகாரன்னு பேர் வாங்கிக்கிட்டு அங்க வந்து உக்கார மாட்டேன்னீங்க. இன்னைக்கு எப்படி?”

“எனக்காகவா வந்தேன்?” என்று அவர் குரலைத் தாழ்த்தினார். “மச்சான் நேத்து சாயங்காலம் வீட்டுக்கு வந்தாரு மேடம். ‘மாட்டிக்கிட்டேன் மாப்பிள்ளை. தனியாப் போய் உக்கார வெட்கமா இருக்கு, துணைக்கு வாங்க’ன்னு கண் கலங்கிட்டாரு. வீட்டுக்குத் தெரியாம எத்தனை வருஷமாக் குடிச்சாரோ பாவம்!”

மேடம் முதல் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். பச்சைத்தண்ணி அவசரமாக ஈரல் படத்தைப் பார்த்துக்கொண்டார்.

தங்கை வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்:

“நீங்க கவலைப்படாதீங்க மேடம். அவரு குடியை விடுற வரைக்கும் நானும் தொடறதில்லைன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்.”