ரெண்டு இன்ச் இறங்கின கார்

"மறுபடியும் மாட்டிக்கிச்சா!"

காலைல எட்டே முக்கால். நிஷாவோட செவப்பு ஸ்போர்ட்ஸ் கார், எங்க அபிராமபுரம் அபார்ட்மென்ட் கேட் மேட்டு மேல வயித்தை வெச்சு உக்காந்துடுச்சு. பின்னாடி அஞ்சு கார். அஞ்சு ஹாரன்.

அந்த மேடு, ஒரு மழையில தெருத்தண்ணி உள்ள வந்தப்புறம் கட்டினது. ஒரு ஜாண் உயரம். ரெண்டு பக்கமும் சடார்னு எறங்கும்.

அசோசியேஷன் செயலாளர் சிதம்பரநாதன் தன் கார்லேருந்து இறங்கி வந்தார். "மூணு நாளா இதே கூத்து! நல்லா இருந்த வண்டியை யாராவது தரையோட தரையா இறக்குவாங்களாம்மா?"

"ஸ்டைல் அங்கிள்" அப்படின்னா நிஷா.

நானும் வாட்ச்மேனும் பலகை வெச்சுத் தள்ளினோம். கர்ர்ர்னு அடிப்பாகம் உரசின சத்தத்துல எனக்குப் பல்லு கூசிச்சு.

சாயங்காலம் அதே கார்ல கொட்டிவாக்கம் வரைக்கும் போனோம். போனோமா? குதிச்சோம்!

"என்னடி பண்ணி வெச்சிருக்க? ஸ்பிரிங்கை மட்டும் குட்டையா மாத்திட்டு, ஷாக் அப்சார்பரைப் பழசாவே விட்டிருக்க!"

"அதனால என்ன மச்சி? இறக்கினா வளைவுல சாயாதுன்னு நீதானே சொல்லுவ?"

"ஒழுங்கா இறக்கினா சாயாது. எடை கீழ வரும், ஸ்டியரிங் தொட்டாலே திரும்பும், சொர்க்கம்! இது அப்படியா? ஒவ்வொரு பள்ளத்துலயும் முட்டுது, டயர் ரோட்டை விட்டு எகிறுது. ரோட்டைத் தொடாத டயர் எப்படித் திரும்பும்?"

"பாக்க நல்லா இருக்குல்ல?"

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ரேஸ் டிராக்ல எங்க ஃப்ரெண்ட்ஸ் எல்லாரையும் பின்னாடி விட்டுட்டுப் போறவ இவ. டயர்ல காத்து ஒரு பாயின்ட் கொறைஞ்சாலே கண்டுபிடிச்சுடுவா. அவளா இப்படிப் பேசறது? இவளும் போட்டோவுக்குக் கார் வெச்சிருக்கற கும்பல்ல சேந்துட்டாளேன்னு மனசு விட்டுப் போச்சு.

ஞாயித்துக்கிழமை கார் பார்க்கிங்ல அவசர மீட்டிங்.

"மேட்டை ரெண்டு பக்கமும் நீளச் சரிவா இழுத்துடலாம். உயரம் அதேதான், தண்ணி வராது" அப்படின்னார் சிதம்பரநாதன், என்னமோ அவரே கண்டுபிடிச்ச மாதிரி.

"இதைத்தானே சார் நான் ரெண்டு வருஷமா எழுதிக் குடுத்துக்கிட்டு இருக்கேன்?"

எல்லாரும் திரும்பினோம். கீழ் வீட்டு சொர்ணம் அக்கா. ஒரு விபத்துக்கு அப்புறம் வீல்சேர். வீட்டுலேருந்தே ஆன்லைன்ல கணக்குப் பாடம் எடுக்கறாங்க. வெளிய போகணும்னா ரெண்டு பேர் அவங்களைச் சேரோட தூக்கி அந்த மேட்டைத் தாண்டி விடணும். ஆளைக் கூப்பிட்டு நிக்கறதுக்கு வீட்டுலயே இருந்துடலாம்னு, தெருவைப் பாக்கறதையே விட்டுட்டாங்க.

"அப்ப... ஸ்கூட்டர் நிறுத்தற எடம் போயிடுமேன்னு..." செயலாளர் இழுத்தார்.

"இப்ப போகாதா?"

"இப்ப நெலமை வேறம்மா. அஞ்சு வண்டி தினமும் ஆபீசுக்கு லேட்டாகுது."

அக்கா நிஷாவைப் பாத்து சிரிச்சாங்க. சந்தோஷமான சிரிப்பு இல்ல அது. "உன் கார் குடுத்து வெச்சதும்மா. அதுக்கு வயிறு உரசினா உடனே மீட்டிங் போடறாங்க."

நிஷா போனை நோண்டிக்கிட்டே இருந்தா. தலையைக் கூட நிமித்தல. எனக்குத்தான் வெக்கமா இருந்துச்சு.

எல்லாரும் கையைத் தூக்கினாங்க. பத்து நிமிஷத்துல முடிஞ்சு போச்சு.

படியேறும்போது கேட்டேன். "அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்ல? அவங்களுக்கு முடியாதுன்னாங்க, உன் ஷோ காட்டற காருக்குன்னா உடனே ஓகேங்கறாங்க. உனக்கு ஒரு மாதிரியா இல்ல?"

"மொதல்ல சிமென்ட் காயட்டும் மச்சி" அப்படின்னுட்டு மேல போயிட்டா.

நான் ஒரு வாரம் அவகூடப் பேசல. அந்த வாரத்துக்குள்ளயே கேட் மேடு நீளச் சரிவா மாறி, சிமென்ட்டும் காஞ்சுடுச்சு.

அடுத்த ஞாயித்துக்கிழமை கீழேருந்து அவ ஹாரன். எட்டிப் பாத்தேன். கார் நிக்கிற நிப்பே வேற! கோவத்தை மறந்துட்டு ஓடினேன்.

"ஏய், பழைய ஸ்பிரிங்கா?"

"நேத்தே திருவல்லிக்கேணி போயி மாத்திட்டேன். ஏறு."

அடையார் பக்கம் ஒரு ரவுண்டு. அய்யோ, என்ன வண்டி! வளைவுல லேசா சாயுது, ஆனா நாலு டயரும் ரோட்டைக் கவ்விப் புடிச்சிருக்கு. பள்ளத்தை அப்படியே முழுங்கிட்டுப் போகுது. நிஷா மூஞ்சியில பத்து நாளா காணாத சிரிப்பு.

திரும்பி வந்தா கேட்ல சிதம்பரநாதன், இடுப்புல கைய வெச்சுக்கிட்டு.

"என்னம்மா, வண்டி மறுபடி ஏறிடுச்சு?"

"ஹேண்ட்லிங் சரியில்ல அங்கிள். ஸ்ரீஹரி தெனம் திட்டறான்" அப்படின்னு என்னைக் கை காட்டினா.

"வெளையாடறியா? உன் காருக்காகத்தானே எல்லாரையும் கூட்டி வெச்சு, ஸ்கூட்டர் எடத்தை விட்டு, இவ்வளவும் பண்ணோம்? நாளைக்கே ஆளைக் கூப்பிட்டு இடிச்சுப் பழையபடி கட்டிடுவேன்!"

"நாளைக்கு எதுக்கு அங்கிள், இன்னிக்கே இடிங்க. ஒரு அரை மணி நேரம் மட்டும் பொறுங்க."

"ஏன்?"

"சொர்ணம் அக்கா தனியா காய் வாங்கப் போயிருக்காங்க. அவங்க உள்ள வந்துடட்டும்."