சுடாத உடம்பு

"இது இன்னாம்மா அநியாயம்! முதல்ல நிக்கிறது நாங்க!"

கோதண்டபாணி போட்ட கூச்சலில் ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே! தோளில் மூன்று வயசுப் பிள்ளை நூற்று மூன்று டிகிரியில் கொதிக்கிறான். அறுபத்தெட்டாம் வருஷத்துத் தீபாவளி நெருக்கடி. தறியில் சேலையைப் பாதியில் விட்டுவிட்டு, பிள்ளையார்பாளையத்திலிருந்து பெண்டாட்டி பிள்ளையோடு ஒரே சைக்கிளில் பறந்து வந்திருக்கிறான்.

டாக்டரம்மாவோ அவன் பிள்ளையைத் தொட்டுப் பார்த்ததோடு சரி. பின்னால் நின்ற பெண்ணின் கைக்குழந்தையை வாங்கிக்கொண்டு, நர்ஸைக் கூப்பிட்டபடி உள்ளே ஓடினார்.

"மேரி, உடம்பு ஜில்லுன்னு இருக்கு! ஊசியை வெந்நீர்ல போடு!"

"ஜில்லுன்னு இருக்கிற கொழந்தைக்கு இன்னா அவசரம்? சுடுறது நம்ம புள்ளைக்குதானே?" என்று மனைவி காந்தாவிடம் பொருமினான். அவள் அந்தக் குழந்தை போன கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரைமணி கழித்து டாக்டரம்மா வந்தார். பையனின் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பயப்படாதப்பா, மருந்து தரேன். கிருமி நுழைஞ்சதுமே ரத்தத்துல இருக்கிற காவல்காரங்க மூளைக்குச் சேதி அனுப்பிட்டாங்க. மூளை சூட்டை ஏத்தச் சொல்லிடுச்சு. அந்தச் சூட்டுல கிருமிக்குத் தெம்பு குறையும், காவல்காரங்களுக்கு வேகம் கூடும்."

"அப்போ ஏம்மா இவன் குளுருதுன்னு நடுங்குறான்?"

"நடுங்கினாத்தானே சூடு ஏறும்!"

கோதண்டபாணிக்குப் புல்லரித்தது. அடேயப்பா! இந்தத் துளியூண்டு உடம்புக்குள்ளேயா இவ்வளவு நடக்குது? அதுவும் யாரும் சொல்லிக் கொடுக்காமல்! பிள்ளையின் சுடுகிற நெஞ்சில் பயபக்தியோடு கை வைத்தான்.

"அந்தக் கொழந்தைக்கு இன்னாம்மா?"

"அதுக்கும் கிருமிதான். பிறந்து இருபது நாள்கூட ஆகல, சூட்டை ஏத்தவே தெம்பில்ல. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா உயிரே போயிருக்கும். இனிமே பிழைச்சுக்கும்."

சொல்லி முடிக்கவில்லை, உள்ளே அந்தக் குழந்தை வீரிட்டு அழுதது. கோதண்டபாணிக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்லவேளை காந்தா! நம்ம முறையை விட்டுக் குடுத்தோம், ஒரு உசுரு பொழைச்சுது."

காந்தா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாமளா விட்டுக் குடுத்தோம்? நீங்க சைக்கிளைப் பூட்டிக்கினு இருந்தப்போ முன்னால நின்னவ அவதான். 'என் கொழந்தை சும்மாதான் தூங்குது, உன் புள்ள கொதிக்கிறானே, நீ முதல்ல போக்கா'ன்னு எனக்கு வழி விட்டவளும் அவதான்!"