கிரைண்டர் ஆலாபனை

நண்பர்கள் படித்ததையும் கேட்டதையும் பகிர்ந்துகொள்ளும் வாட்ஸ்அப் குழுவில், அருணாசலம் வருஷக்கணக்காகப் போட்ட பாட்டுகளுக்கு ஒருவரும் வாய் திறந்ததில்லை. ஞாயிறன்று அவர் குழுவுக்கு ஒரு நாதஸ்வரப் பதிவையும், மெக்கானிக்குக்கு வீட்டுக் கிரைண்டர் கரகரக்கும் சத்தத்தையும் அனுப்பினார். இரண்டும் கைதவறி இடம் மாறிவிட்டன. பதறியடித்து அழிக்கப் போவதற்குள் பேராசிரியர் ஞானதேசிகன் எழுதிவிட்டார்: "நடுவுல ஒரு திக்கல் வருது பாருங்க, அழுதுட்டேன்யா!" கவிஞர் ஒருவர், "காலத்தையே அரைக்கும் இசை" என்றார். "இத்தனை நாள் இதை எங்க ஒளிச்சு வச்சிருந்தீர்?" என்றார் இன்னொருவர். அருணாசலம் அழிக்கவில்லை. "தேடினால் கிடைக்கும்" என்று அடக்கமாகப் பதில் போட்டார்.

மறுநாள் காலை மெக்கானிக் கருவிப் பையோடு வந்து நின்றார். "நீங்க அனுப்புனதக் கேட்டேன் சார். பேரிங் மொத்தமா போச்சு." மனைவி மங்கை ஊறிய அரிசியோடு காத்திருந்தாள். கைப்பேசி சிணுங்கியது. 'அடுத்த பாகம் எப்போது?' என்று கேட்டிருந்தார் பேராசிரியர்.

அருணாசலம் கிரைண்டரை மறைத்து நின்றுகொண்டார். "அடுத்த மாசம் வாங்களேன்."

"அப்ப மாவு?" என்றாள் மங்கை.

"உஷ்" என்று கைப்பேசியை நீட்டிப் பிடித்தபடி அவர் ஸ்விட்சைப் போட்டார்.