எட்டாவது பெயர்

"யாரைக் கேட்டு அழிச்சாய்?"

மீனவர் சங்கத் தலைவர் அருமைநாயகம் மேசையில் அடித்தார். நாற்பது வருடம் மேடையில் பழகிய கை. கூட்டம் அடங்கியது.

ஷானிகா மடிக்கணினியிலிருந்து நிமிர்ந்தாள். இறால் பண்ணைக் கழிவு, மீன்பிடிக்கும் கடலேரியான களப்பில் கலந்தால் எல்லாருடைய போனுக்கும் செய்தி அனுப்பும் புரோகிராமை எழுதியவள் அவள்தான். கற்பிட்டிக் களப்போரம் எட்டு வீட்டு வளவுகளில் ஒளித்து வைத்த எட்டு மீட்டர்கள் அதற்குத் தண்ணீரை அளந்து சொல்லும்.

புரோகிராம் திறந்த மூலம்; இணையத்தில் யாரும் வாசிக்கலாம். அது தலைவரின் தீர்மானம். கோயிலில் உட்காரும் வாங்கில் அன்பளிப்புச் செய்தவர் பெயர் இருப்பதுபோல, புரோகிராமில் ஒவ்வொரு மீட்டரின் வரிக்குப் பக்கத்திலும் வீட்டுக்காரர் பெயரை ஒரு குறிப்பாக எழுதச் சொன்னவரும் அவரே. அந்த எட்டுப் பெயர்களைத்தான் ஷானிகா அழித்திருந்தாள்.

"குறிப்பை மெஷின் வாசிக்காது மாமா. ஆக்கள்தான் வாசிக்கிறது. பண்ணை ஆக்களும் வாசிச்சிருக்காங்க. போன கிழமை கத்தரினா அன்ரிட மீட்டரை உடைச்சு, வலையையும் கொளுத்திட்டாங்க."

"எனக்குப் பேர் வேணாம்," என்றாள் கத்தரினா. "வலைதான் வேணும்."

"பயந்தவனுக்குச் சரித்திரம் இல்ல!" தலைவரின் குரல் உயர்ந்தது. "மடியில என்ன கள்ளச் சாமானா வெச்சிருக்கிறம், ஒளிக்க? நாளைக்கு மீட்டர் பழுதானா எது யார் வீட்டுல எண்டு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"நீ கல்யாணம் கட்டிப் போனா? எட்டையும் திரும்பப் போடு, இப்பவே!"

மீட்டர் இல்லாத வீட்டுக்காரர்கள் பலமாகக் கைதட்டினார்கள்.

ஷானிகா கொஞ்ச நேரம் தட்டச்சுச் செய்தாள். பிறகு கணினியைத் தலைவர் பக்கம் திருப்பினாள்.

"போட்டுட்டன் மாமா. கத்தரினா அன்ரி இனி மீட்டர் வைக்க மாட்டாவாம். அதை மட்டும் வேற இடத்துக்கு மாத்தியிருக்கன். வாசிச்சுப் பாத்துச் சரியெண்டு சொல்லுங்க, இணையத்துல ஏத்துறன்."

அருமைநாயகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பெயராக முழங்கினார். ஏழு பெயருக்கும் கைதட்டல்.

"எட்டாவது மீட்டர்... தலைவர் அருமைநாயகம் வீடு. புது வள்ளம் கட்டியிருக்கிற... இடத்துக்குப் பக்கத்துல."

இதற்குத்தான் கைதட்டல் அதிகம். கத்தரினாவும் தட்டினாள்.

அருமைநாயகம் கண்ணாடியைக் கழற்றினார். கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு ஷானிகாவின் காதோரம் குனிந்தார்.

"மகள், மத்த ஏழும் இருக்கட்டும். இதை மட்டும் அழிச்சிடு."