கிளட்ச் இல்லாத வண்டி

நான் ஸ்டியரிங்குக்கு அடியில் மண்டிபோட்டு, டிரைவர் தவசிமுத்து அண்ணனின் இடது காலை சீட்டுக் கம்பியோடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டிருந்தேன்.

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு, பட்டப்பகல். சோதனை எடுக்க வந்த பெலிக்ஸ் சார் டீ குடிக்க இறங்கியிருந்தார். அவர் திரும்புவதற்குள் முடிச்சுப் போட்டாக வேண்டும்.

புது மின்சார பஸ்ஸில் கிளட்ச் கிடையாது. ஆக்ஸிலேட்டர் ஒன்று, பிரேக் ஒன்று, இரண்டும் வலது காலுக்கு. இடது காலுக்கு வேலையே இல்லை.

இதை அண்ணனின் மண்டை ஒரே நாளில் புரிந்துகொண்டது. கால்தான் கேட்க மாட்டேன் என்றது. இருபத்தாறு வருஷம் கிளட்ச் மிதித்த கால் அது. வேகம் குறைகிற இடத்திலெல்லாம் தானாகக் கிளம்பிப்போய் பிரேக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும்போது மடவார் வளாகத் திருப்பத்தில் ஒரு தடவை, மில் வாசலில் ஒரு தடவை. இரண்டு தடவையும் பஸ் தூக்கிப்போட்டது. பயணிகளுக்குப் பதிலாக ஏற்றியிருந்த மணல் மூட்டைகள் சீட்டிலிருந்து உருண்டு விழுந்தன. நல்லவேளை, மூட்டைகள் வாய்திறந்து வையாது.

இன்னும் ஒரு தடவை குலுங்கினால் ஃபெயில் என்று பெலிக்ஸ் சார் சொல்லிவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார்.

ஃபெயில் என்றால் வீடுதான். பழைய டீசல் வண்டியை முதலாளி விற்றாயிற்று. ஐம்பத்து நாலு வயதுக்காரரை வேறு யார் கூப்பிடப் போகிறார்கள்? அவர் மகள் காளீஸ்வரிக்கு நர்சிங் படிப்பு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது.

“ஏலே சோலை, தலைக்கு வெளங்குது. இந்தக் காலுதான் இன்னும் பழைய வண்டியவே ஓட்டிக்கிட்டுத் திரியுது” என்றார் அண்ணன். பிறகு, நன்றாக இறுக்கிக் கட்டச் சொன்னார்.

காலை மட்டும் குற்றம் சொல்லி என்ன செய்ய, என் மனசும் பழைய வண்டியில்தான் கிடந்தது.

அதில் டிரைவருக்குப் பக்கத்தில் பெரிய இன்ஜின் பெட்டி இருக்கும். முதல் ட்ரிப்பில் மில்லுக்குப் போகிற பெண்கள் ஏறியதும் தூக்குவாளிகளை அதன்மேல் வைத்துவிடுவார்கள். ராஜபாளையத்தில் இறங்கும்போது, சோறு அப்போதுதான் வடித்தது மாதிரி சுடும். வாளி மாறிப்போனால் மறுநாள் பஞ்சாயத்து கண்டக்டரான என்னிடம்தான் வரும்.

ஒரு நாள் பாண்டிசெல்வியின் வாளி சரிந்து, கருவாட்டுக் குழம்பு பெட்டி இடுக்கில் இறங்கிவிட்டது. இன்ஜின் சூடேறச் சூடேற வண்டி முழுக்க மணத்தது. ஒரு வாரம் நான் பசியோடுதான் டிக்கெட் கிழித்தேன்.

புது வண்டி நல்ல வண்டிதான். புகை இல்லை. பழையதில் சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். இதில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வாளி வைக்க ஒரு சூடான இடமும் இல்லை. அந்த இன்ஜின் உறுமலைக் கேட்காமல் ஒரு நாளைக் கழிப்பதை நினைத்தால் எனக்கு அழுகையாகத்தான் வருகிறது.

பெலிக்ஸ் சார் வாயைத் துடைத்துக்கொண்டு ஏறினார். நான் எழுந்து, எப்போதும் நிற்கிற மாதிரி அண்ணனுக்குப் பக்கத்தில் கம்பியில் சாய்ந்து நின்றேன். சார் கண்ணுக்குத் துண்டு தெரியவில்லை.

அவர் புறப்படச் சொன்னார். வண்டி நகரவில்லை. அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான் “ரைட்” என்றேன். அதற்கப்புறம்தான் எடுத்தார்.

ஒவ்வொரு வேகத்தடையிலும் இடது தொடை துடித்தது. துண்டு விறைத்தது, தளர்ந்தது. வழியில் ஆடுகள் குறுக்கே வந்தன. அண்ணன் வலது காலாலேயே மெல்ல மிதித்து நிறுத்தினார்.

மடவார் வளாகத் திருப்பத்தில் ஒரு ஷேர் ஆட்டோ திடீரென்று உள்ளே புகுந்தது. இடது கால் துள்ளிய வேகத்தில் சீட்டுக் கம்பியே கிறீச்சிட்டது. முடிச்சு அவிழவில்லை. ஒரு மூட்டைகூட அசையவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெலிக்ஸ் சார் தாளில் கையெழுத்துப் போட்டு அண்ணனுக்குக் கை கொடுத்தார். பாஸ். திங்கட்கிழமையிலிருந்து வண்டி அவருக்குத்தான். கடைசியில் நன்றாகப் பழகிவிட்டீர்கள் என்று பாராட்டிவிட்டு இறங்கிப் போனார்.

நான் துண்டை அவிழ்த்தேன். கணுக்காலைச் சுற்றிச் சிவந்து தடித்திருந்தது. அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டே அண்ணன் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார், சிரிக்கவும் செய்தார்.

“திங்கக்கெழம முத ட்ரிப்பு அஞ்சே காலுக்குலே. பிந்திராத” என்றார்.

சரிண்ணே என்றேன்.

இந்த பஸ்ஸில் ஏறுகிற வாசலிலேயே ஒரு மெஷின் இருக்கிறது. அட்டையைக் காட்டினால் டிக்கெட் ஆகிவிடும். கதவைத் திறக்க, மூட, டிரைவர் கைக்கிட்டேயே பொத்தான் வைத்திருக்கிறார்கள்.

முதலாளி போன புதன்கிழமை என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இதை அண்ணனிடமும் அன்றைக்கே சொல்லத்தான் இருந்தார். சோதனை முடிகிறவரை சொல்ல வேண்டாம் என்று நான்தான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்.

தெரிந்திருந்தால், அண்ணன் அந்தக் காலைக் கட்ட விட்டிருக்க மாட்டார்.