எதிராளி

மழை அடித்துப் பெய்கிறது. சாப்பாட்டு மேசையில் தர்க்கவியல் வாத்தியார் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறார். ‘ஆர்கியுமென்ட் என்றால் என்ன?’ என்ற கேள்விக்கு ஒரு மாணவி ஆங்கில அகராதியில் இருப்பதை அப்படியே எழுதிவைத்திருக்கிறாள்: ‘இரண்டு பேர் காரசாரமாகப் போடும் சண்டை.’ தர்க்கத்தில் இது தப்பு. காரணங்களும் அவற்றிலிருந்து வரும் முடிவும் இருந்தால் போதும், எதிராளியே வேண்டாம் என்று வகுப்பில் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறார். பதிலை அடிக்கப் பேனாவை எடுத்தவர் நிமிர்ந்து பார்க்கிறார். எதிர் நாற்காலியில் மனைவி, மடியில் துணிபோலக் கிடக்கும் வலது கையை இடது கையால் நீவிக்கொண்டிருக்கிறாள். ஒன்று சொன்னால் ஒன்பது சொன்னவள். பக்கவாதம் அவளிடம் ஒரே ஒரு சொல்லைத்தான் விட்டுவைத்திருக்கிறது. “வெளியில நல்ல வெயில், இல்ல?” என்கிறார். ஜன்னல் கண்ணாடியில் வழியும் மழையின் நிழல் அவள் கன்னத்தில் இறங்குகிறது. “சரி” என்கிறாள். அவர் நாற்காலியை இழுத்து நெருங்கி உட்காருகிறார். “என்ன இருந்தாலும் எங்கம்மா கைப்பக்குவம் உனக்கு வராதுடி.” நீவிக்கொண்டிருந்த கை நிற்கிறது. உதடு துடிக்கிறது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். “சரி” என்கிறாள். அவர் தாளைத் தன் பக்கம் இழுத்து, மாணவியின் அந்தப் பதிலுக்கு முழு மதிப்பெண் போடுகிறார்.